செம்புக் குழாயின் நீலம்

அக்கா,

அடுப்பு மேடை மேல் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு செம்புக் குழாய்த் துண்டு கிடக்கிறது. நெடுக்காக அறுத்துப் பிளந்து வைத்திருக்கிறார்கள். வெளிப்புறம் பழுப்பேறி மங்கிப்போயிருக்கிறது. உள்ளே பச்சையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகப் பூத்திருக்கிறது. மயில்துத்தத்தின் நிறம். நம் பக்கத்தில் துருசு என்று சொல்வோமே, அதே நிறம். மூன்று நாளாக அதை எடுத்து வெளியே போடவும் கை வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. சோறு வடிக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

அந்த நீலம் எங்கள் குழாயிலிருந்து வந்தது அக்கா. உங்கள் துருசிலிருந்து வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் நான் உங்களோடு பேசவே இல்லை. ஆகமொத்தம் பன்னிரண்டு வருஷம் கழித்து வாயைத் திறக்கிறேன், அதுவும் காகிதத்தில்.

ஒரு வாரமாக இந்த வீடு வீடாகவே இல்லை. சுவரெல்லாம் மிஷினால் கீறிப்போட்டிருக்கிறார்கள். சிமெண்டுத் தூள் உப்பு ஜாடிக்குள் வரைக்கும் போய்விட்டது. குளிக்க வேண்டுமென்றால் கிணற்றில் சேந்தி வாளியில் தூக்கிவர வேண்டும். என் முட்டிக்கு அது ஆகிற காரியமா? வேறு வழியும் இல்லை. சித்திரையிலிருந்தே குளியலறைச் சுவரில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. பெயிண்ட் உப்பி உதிர்ந்தது. மோட்டாரை இரண்டு தரம் போட்டாலும் சாயங்காலம் மாடித்தொட்டி காலி. கீர்த்தி கோயமுத்தூரிலிருந்து போனில் கத்தினாள். "அம்மா, அந்தக் கொழாயை எல்லாம் புடுங்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் போடுங்கம்மா. சொவரு உளுந்தாத்தான் போடுவீங்களா?" உங்கள் மடியில் உட்கார்ந்து சோறு தின்ற கீர்த்திதான். கல்லூரிக்குப் போகிறாள், எனக்கே புத்தி சொல்கிறாள்.

நல்லேப்பிள்ளியிலிருந்து ஒரு பிளம்பர் வந்தார். மலையாளி. தமிழையும் மலையாளத்தையும் கலந்து பேசுவார், எல்லை ஊரில் இருக்கிற நாமும் அப்படித்தானே. முதல் துண்டை அறுத்தவர் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சேச்சி, இங்க ஒண்ணு வரணும். பாருங்க, உள்ள முழுக்க கிளாவு."

கிளாவு என்றால் அவர்கள் பாஷையில் களிம்பு. அதைப் பிளந்து என் கையில் கொடுத்தார். ஊசி குத்தினாற்போல நாலைந்து ஓட்டை.

"இந்தக் கெணத்து வெள்ளம் காப்பருக்கு ஆகாது சேச்சி. ராத்திரி முழுக்க பைப்புல நின்னா, பைப்பைத் தின்னும். காலையில தொறந்தா நீலமா வந்திருக்குமே, கண்டதில்லையா?"

கண்டதில்லையா என்று கேட்கிறார்! அந்தத் துண்டைக் கொண்டுவந்து அடுப்பு மேடை மேல் வைத்தேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். துபாயில் பைப் வேலை பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் திரும்பி வந்து, நாங்கள் இந்த வீட்டைக் கட்டியபோது எருத்தேன்பதி முழுக்க பிளாஸ்டிக் குழாய்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் செம்புதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். கோயமுத்தூர் போய் வாங்கிவந்தார். ஒவ்வொரு இணைப்பையும் தானே நெருப்பு வைத்துப் பற்றவைத்தார். நான் மட்டும் என்ன, குறைச்சலா? செம்புக் குடத்துத் தண்ணீரே உடம்புக்கு நல்லது என்கிறார்கள், எங்கள் வீட்டில் குழாயே செம்பு என்று வருகிறவர்களை எல்லாம் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஆயுத பூஜைக்குக் கலப்பைக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்த கையோடு குழாய்க்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு!

"ஏனம்மிணி, பொட்டு வெச்சாச்சு. பூவ யாரு வெக்கறது?" என்று கேட்டீர்கள். அடுத்த நிமிஷம் உங்கள் தலையிலிருந்த மல்லிகையில் ஒரு கண்ணியைப் பிய்த்து நீங்களே அதில் செருகினீர்கள்.

ஓரகத்திகள் என்றால் ஊர் சண்டையைத்தான் எதிர்பார்க்கும். நாம் ஏமாற்றிக்கொண்டிருந்தோம். நான் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, மாமியாரிடம் திட்டு வாங்கினாலும் சரி, இவர் துபாயிலிருந்து போன் செய்யாவிட்டாலும் சரி, உங்களிடம் இருந்த ஒரே மருந்து, "மொதல்ல சோத்தத் தின்னு அம்மிணி, அப்பறம் அழுதுக்கலாம்." தின்ற பிறகு அழுகை வராது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது காடு பிரிந்தது, தோப்பு பிரிந்தது, கிணறு மட்டும் பொதுவில் நின்றது. ஒரு கரையில் எங்கள் மோட்டார், எதிர்க்கரையில் உங்கள் மோட்டார். உங்கள் வீட்டுக்குக் கறுப்பு ஓஸ், எங்கள் வீட்டுக்குச் செம்பு.

வீடு குடிபுகுந்து ஒரு வருஷம் இருக்கும். குழாய்க்குக் கீழே கழுவும் தொட்டியில் நீலக் கோடு விழ ஆரம்பித்தது. புளி போட்டுத் தேய்த்தால் போகும், நாலு நாளில் மறுபடியும் வரும். இவருடைய வெள்ளை வேட்டி, கீர்த்தியின் யூனிபார்ம் சட்டை எல்லாம் ஒரு மாதிரி நீலம் பாய்ந்தன. காலையில் முதல் தண்ணீர் வாயில் கசந்தது. கீர்த்திக்கு ஒன்றாம் வகுப்பு. தினமும் காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வைப்பேன், செம்பு உடம்புக்கு நல்லது என்று. குடித்த கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குமட்டுவாள். பள்ளிக்கூட வேனில் வாந்தி எடுத்தாள். இளைத்துப்போனாள்.

அந்த மழைக்காலத்தில்தான் உங்கள் வீட்டில் தென்னைக்குக் குருத்தழுகல் வந்து, துருசும் சுண்ணாம்பும் கலந்து குருத்தில் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் கிட்டே இருக்கிறதென்று கிணற்று மேட்டில் வைத்துத்தான் கலக்குவது. ஒரு நாள் குடம் எடுக்கப் போன நான், கல் மேல் நீலமாகச் சிந்திக் காய்ந்திருந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்படி விளங்கியதுதான் வினை.

நான் பேசியதை இங்கே எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்.

"ஏனுங்கக்கா, தொரிசு கலக்கறதுக்கு உங்களுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா? எம்புள்ள தெனமும் வாந்தி எடுத்துச் சாகறா. கெணத்துல வெசத்தக் கலந்துட்டு நல்லவளாட்ட சோறு ஊட்ட வர்றீங்களா?"

விஷம் என்று சொன்னேன். தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தீர்கள்.

"என்னம்மிணி இப்பிடிப் பேசறே? அந்தத் தண்ணியத்தான நாங்களும் குடிக்கறோம். எங்கூட்டுத் தண்ணி நீலமா இல்லியே."

மறுநாள் காலையில் வேலி ஓரம் வந்து கூப்பிட்டீர்கள். கையில் ஒரு வெள்ளைத் துண்டு, ஈரமாக. "இங்க பாரு அம்மிணி. ராத்திரி முச்சூடும் எங்கூட்டுத் தண்ணில போட்டு வெச்சிருந்தேன். வெள்ளையாத்தான இருக்குது?"

வெள்ளையாகத்தான் இருந்தது. அந்த நிமிஷம் நான் யோசித்திருக்க வேண்டும். கிணறு ஒன்று. ஒரு வீட்டில் தண்ணீர் நீலம், இன்னொரு வீட்டில் இல்லை. நடுவில் இருப்பது குழாய்தானே? வெள்ளிக்கிழமை தவறாமல் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குகிறவள் நான். செம்பில் மோர் ஊற்றி வைக்கக்கூடாது, களிம்பு ஏறும் என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். குடத்துக்கு ஏறும் களிம்பு குழாய்க்கு ஏறாதா? எனக்கு உறைக்கவில்லை அக்கா. பொட்டு வைத்துக் கும்பிட்ட குழாயின் மேல் எப்படிச் சந்தேகம் வரும்? நான் சொன்னது இது: "பஞ்சாயத்துத் தண்ணில நனைச்சுக் கொண்டாந்தா வெள்ளையாத்தானுங்க இருக்கும்."

உங்களைப் பொய்க்காரி ஆக்கினேன். நீங்கள் துண்டைப் பிழிந்தீர்கள். ரொம்ப நேரம் பிழிந்தீர்கள். பிறகு, "சோறுண்டாச்சா அம்மிணி?" என்று கேட்டீர்கள். நான் திரும்பி உள்ளே வந்துவிட்டேன். நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அது.

அடுத்த வாரமே உங்கள் மோட்டாரைக் கழற்றினீர்கள். கிணற்றில் சரிபாதி உங்களுடையது, பத்திரத்திலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பஞ்சாயத்துக் குழாய் எடுத்தீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தண்ணீர், அதுவும் சொட்டுச் சொட்டாக. நீங்கள் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு கல் மேல் உட்கார்ந்திருப்பது என் சமையலறை ஜன்னலில் தெரியும். பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவியிருக்கிறேன். எனக்குப் பாவமாக இருந்தது என்று இப்போது எழுதலாம். இல்லை, ஜெயித்துவிட்டதாகத்தான் இருந்தது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? நீங்கள் கிணற்றை விட்ட அதே வாரம் கீர்த்திக்குக் குமட்டல் நின்றது. இது போதாதா எனக்கு? பால் சொசைட்டியில், கோயில் நோம்பியில், பெருமாட்டியில் கல்யாணத்துக்குப் போன இடத்தில், போகிற பக்கமெல்லாம் சொன்னேன். "அவங்க கெணத்த உட்டாங்க, எம்புள்ள பொழச்சா." நீலம் மட்டும் நிற்கவில்லை. அதற்கும் காரணம் வைத்திருந்தேன். துருசு பாறையில் ஊறிப்போயிருக்கிறது, போக வருஷமாகும் என்றேன். கிணறு தூர் வாரினோம். வாரிய பிறகும் நீலம். அப்புறம் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டேன். புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே வருஷங்கள் போய்விட்டன.

நீங்கள் மாட்டுக் கொட்டகையில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்ட அன்று உங்கள் பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்று பெண்கள் தேடினார்கள். நான்தான் கிணற்றில் சேந்தினேன். எவர்சில்வர் குடத்தில் எட்டு நடை கொண்டுவந்து வைத்தேன். குடத்தின் அடி தெரிகிற மாதிரி தெளிந்த தண்ணீர். குழாய் வழியாக வராத தண்ணீர். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததால் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்படியும் உறைக்கவில்லை.

இப்போது மூன்று நாளைக்கு முந்திய கதைக்கு வருகிறேன். பிளம்பர் சாப்பிடப் போன பிறகு இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கழற்றிப் போட்டிருந்த குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் பற்றவைத்த மூட்டுகளை விரலால் தடவினார். நான் போய் எதிரில் நின்றேன்.

"ஏனுங்க, அப்ப அக்கா சொன்னது நெசந்தானுங்க."

அவர் நிமிரவே இல்லை. "அண்ணிக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"துண்டு கொண்டாந்து காட்டுனாங்கல்ல? நாலு நாளு கழிச்சு என்னையத் தோப்புல பாத்துச் சொன்னாங்க. 'தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அது செம்புக் கொழாயோட வேலைன்னு எனக்குத் தோணுது. ராத்திரி முச்சூடும் உள்ள நின்ன தண்ணி புள்ளைக்கு ஆகாது. காத்தால மொதக் கொடத்தக் கீழ ஊத்திரச் சொல்லுங்க. நாஞ்சொன்னேன்னு மட்டும் சொல்லீராதீங்க. சொன்னா அவ ஊத்தமாட்டா'ன்னாங்க."

அக்கா, எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இவர் சாயங்காலம் தோப்பிலிருந்து வந்து, காலையில் முதல் குடத்தைப் பிடித்துக் கீழே ஊற்றிவிடு, குழாயில் தூசி நிற்கும் என்றார். சரி என்று மறுநாளிலிருந்து ஊற்றினேன். நீங்கள் கிணற்றை விட்ட அதே வாரம். பன்னிரண்டு வருஷமாக, காய்ச்சலில் கிடந்த நாளில்கூட, அதை நிறுத்தியதில்லை. துபாய்க்காரருக்கு எவ்வளவு விவரம் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். என் மகள் பிழைத்தது உங்களால். அவளைக் கொல்லப் பார்த்தீர்கள் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லலீங்க? அவங்க செத்ததுக்கு அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"கொழாய் நான் போட்டது" என்றார்.

கத்த வேண்டும் போல இருந்தது. அந்தக் குழாயை எடுத்து அவர் தலையில் போட வேண்டும் போல இருந்தது. முடியவில்லை. அவருக்கும் வயதாகிவிட்டது, எனக்கும் அலுத்துவிட்டது. அதோடு, அவர் பயந்தது என் வாய்க்குத்தானே? நீங்கள் சொன்னது சரி. உங்கள் பேரைச் சொல்லியிருந்தால் நான் ஊற்றியிருக்கமாட்டேன். வீம்புக்கென்றே அந்த முதல் தண்ணீரைக் கீர்த்திக்குக் கொடுத்திருப்பேன். என்னை இந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தீர்கள். தெரிந்தும் என் பிள்ளைக்காக வந்து சொன்னீர்கள்.

நேற்றுப் பால் ஊற்றப் போனபோது சொசைட்டியில் வைத்தே சொன்னேன். எங்கே பரப்பினேனோ அங்கேயே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "எங்கக்கா மேல நான் அபாண்டமாப் பழி போட்டேனுங்க. அது எங்கூட்டுக் கொழாயோட நீலம்" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பால் அளக்கிறவள், "எந்த நீலமுங்க?" என்று கேட்டாள். ஒருத்திக்கும் ஞாபகமில்லை. இன்னொருத்தி, "அதெல்லாம் இப்ப எதுக்குங்க, போனவங்க போயிட்டாங்க" என்று கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஊர் என்றைக்கோ மறந்துவிட்ட பேச்சுக்காக நீங்கள் ஒன்பது வருஷம் குடம் தூக்கியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன். மொதல்ல சோத்தத் தின்னு என்று சொல்ல ஆளில்லை. சாயங்காலம் வரைக்கும் நான் சாப்பிடவும் இல்லை.

மச்சாண்டாரிடம், உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். வேலி தாண்டிப் போய், உங்கள் வீட்டுப் படியில் நின்று சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் போவேன். உங்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உங்கள் வீட்டில்தான் கேட்க முடியும். கேட்டால் தீருமா என்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரைக்கும் நேற்று ராத்திரி எழுதி நிறுத்தியிருந்தேன். இன்று காலையில் வேலை முடிந்தது. சுவர் முழுக்க இப்போது வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். பார்க்க நன்றாகவே இல்லை. பொட்டு வைக்கத் தோன்றாது. பிளம்பர் குழாயைத் திறந்துவிட்டார். சளசளவென்று தண்ணீர் வந்தது, கண்ணாடி மாதிரி. நான் குடத்தை நீட்டி நிரம்பப் பிடித்து, கொண்டுபோய் வேலியோரம் ஊற்றினேன். அவர் பதறிப்போனார்.

"ஐயோ சேச்சி, நல்ல வெள்ளம் எதுக்குக் களையறீங்க? இது பிளாஸ்டிக்கல்லே, இனி அது வேண்டா."

"மொதக் கொடத்த ஊத்தோணுமுங்க" என்றேன்.

"யாரு சொன்னது?"

"எங்கக்கா சொன்னாங்க."

வாய்விட்டுச் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். நீங்கள் சொன்னது என்று தெரிந்தும் ஊற்றினேன் அக்கா.